உடும்பின் உண்ணாவிரதம்

ஊமைக்கரடு என்கிற சிறு குன்றின் அடிவாரத்தில் ஓர் உடும்பு வாழ்ந்தது. அதன் பெயர் கட்டாரி. கட்டாரிக்கு நான்கு அநீதிகள் நடந்திருந்தன. அவற்றை வரிசை மாறாமல்தான் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் அநீதியின் கனம் குறைந்துவிடும் என்பது கட்டாரியின் கொள்கை.

முதலாவது, கட்டாரி முட்டைக்குள் இருந்தபோதே நடந்தது. அதன் தாய் கிழக்குப் புற்றில் முட்டையிட்டு, மண் மூடிவிட்டுப் போயிருந்தது. காட்டுப்பன்றிகள் வந்து புற்றைக் கிளறின. கூடப் பிறக்க வேண்டியவை எல்லாம் பன்றிகளின் வாய்க்குள் போயின. ஒரு முட்டை மட்டும் உருண்டு ஒரு வேருக்கு அடியில் தங்கியது. காட்டுக் கூட்டத்தில் இந்த வழக்கு வந்தபோது, "பன்றி கிளறத்தான் செய்யும். அது அதன் இயல்பு" என்று தீர்ப்புச் சொல்லிக் கலைந்தார்கள். வலுத்தவனுக்கு இயல்பு என்ற சொல்லைப் போல உதவுகிற சொல் வேறு கிடையாது.

இரண்டாவது, கட்டாரி வளர்ந்த பிறகு நடந்தது. கார்காலத்தின் முதல் மழை விழுந்ததும் கிழக்குப் புற்றிலிருந்து ஈசல் புகை போலக் கிளம்பும். கோடை முழுக்க அரை வயிறாகக் கிடந்த உயிர்களுக்கு அன்று விருந்து. ஆனால் பன்றிகள் முந்திவந்து மூஞ்சியைப் புற்றில் வைத்துவிடும். மற்றவர்களுக்குச் சிறகுதான் மிஞ்சும். ஓர் ஆண்டு கட்டாரி புற்றின் வாயில் தன் உடம்பைச் செருகி, மூச்சை இழுத்து உப்பிக்கொண்டு அடைத்துக் கிடந்தது. உடும்பு அப்படி உப்பிக்கொண்டால் யானை வந்தாலும் இழுக்க முடியாது. பன்றிகள் வாலைக் கடித்து இழுத்தன. வால் நுனி போயிற்று. உடும்பு அசையவில்லை. பன்றிகள் பின்வாங்கின.

அன்றிலிருந்து காட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. விருந்துக்கு வருகிற ஒவ்வோர் உயிரும் புற்றைச் சுற்றியுள்ள ஈர மண்ணில் ஒரு காலடி பதிக்க வேண்டும். ஒருவர் பாறைமேல் நின்று அந்தக் காலடிகளை வரிசையாகப் படித்துப் பெயர் சொல்லுவார். பெயர் படிக்கப்பட்டவர் "இருக்கிறேன்" என்று சொல்லி முன்னே வந்து தம் பங்கைத் தின்னலாம். பெயர் படிக்கப்படாதவர் கிட்ட வரக் கூடாது. ஓர் உயிருக்கு ஒரு காலடி. முயலானாலும் பன்றியானாலும் ஒன்றே. இந்த வழக்கத்தைக் கேட்டுப் பெற்றது கட்டாரி. ஆனால் வெற்றி விழாவில் ஆடியது மயில். பெயர் படிக்கும் பதவி மயிலுக்கே போனது. பதவி வந்த பிறகு அதை எல்லோரும் பீலியார் என்று மரியாதையாக அழைத்தார்கள். போராடியதற்கு வால் போயிற்று. ஆடியதற்குப் பட்டம் வந்தது.

மூன்றாவது, பழி. ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள் காணாமல் போயின. உடும்புதான் தின்றிருக்கும் என்று காடே சொன்னது. உண்மையில் தின்றது கீரி. பிற்பாடு கீரியே அதைச் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டது. கீரியின் நேர்மையை எல்லோரும் மெச்சினார்கள். கட்டாரி மேல் போட்ட பழியை மட்டும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காவது, சென்ற கார்காலத்தில் நடந்தது. பீலியார் பாறைமேல் நின்று முயலின் பெயரைப் படித்தார், காடையின் பெயரைப் படித்தார், கீரியின் பெயரைப் படித்தார், பன்றிகளின் பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தார். கட்டாரியின் பெயரைப் படிக்கவில்லை. வழக்கத்தை உண்டாக்கியவனே வழக்கத்தை மீறக் கூடாது என்று கட்டாரி நின்ற இடத்திலேயே நின்றது. தலைக்கு மேல் ஈசல் பறந்தது. வயிறு காலியாகத் திரும்பியது. மறுநாள் போய்க் காரணம் கேட்டபோது பீலியார், "அடடா, உன் காலடி மேல் ஒரு பன்றி மிதித்துவிட்டது போலிருக்கிறது. எனக்கும் நினைவுக்கு வரவில்லை" என்றார்.

பகையால் விட்டிருந்தால் கட்டாரி பொறுத்திருக்கும். பகைக்கு ஒரு மதிப்பு உண்டு. நினைவுக்கு வரவில்லை என்றதைத்தான் அதனால் செரிக்க முடியவில்லை.

அன்று முதல் கட்டாரிக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். கிழக்குப் புற்றின் முன்னால், எல்லோர் காதிலும் விழும்படி, தன் பெயர் படிக்கப்பட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

கார்காலம் முழுக்க யாராவது வந்து வருத்தம் தெரிவிப்பார்கள் என்று காத்திருந்தது. வரவில்லை. கூதிர்காலம் வந்தது. வாடைக்காற்றோடு சாரல் அடித்தது. அப்போதும் யாரும் வரவில்லை. கூதிரின் முடிவில் கட்டாரி ஆள்காட்டிக் குருவியை அழைத்தது. என் பெயர் விடுபட்டதற்குக் காட்டுக் கூட்டம் வந்து பதில் சொல்கிறவரை நான் கல்லிடுக்கை விட்டு வெளியே வரமாட்டேன், ஒரு பூச்சிகூடத் தின்னமாட்டேன் என்று அறிவித்தது. ஆள்காட்டி கரட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்து அதைக் கத்தியது.

புற்றுக்கு எதிரே ஒரு பெரிய பாறையில் ஆழமான பிளவு ஒன்று இருந்தது. கட்டாரி பின்புறமாக அதற்குள் நுழைந்தது. வால் உள்ளே, முகம் வெளியே. கூட்டமாக வந்து கெஞ்சப்போகிறவர்களை முதலில் பார்க்க வேண்டும் அல்லவா? பிறகு நான்கு அநீதிகளையும் வரிசையாக நினைத்தது. உடம்பு உப்பியது. பிளவின் வாய் இறுக அடைபட்டது.

முன்பனிக்காலம் தொடங்கியது. யாரும் வரவில்லை. ஒரு நாள் காலை முயல் தன் குட்டிகளோடு அந்தப் பக்கம் போயிற்று. உடும்பு மாமா ஏன் கல்லுக்குள் இருக்கிறார் என்று ஒரு குட்டி கேட்டது.

"பனிக்காலமாயிற்றே. உடும்புகள் எல்லாம் உள்ளே போய்த் தூங்குகிற காலம்தானே இது? வெயில் வந்தால் வெளியே வரும்" என்றது முயல்.

கட்டாரி செய்த பிழை அதுதான். அந்தக் கரட்டில் பனிக்காலத்தில் எந்த உடும்பும் இரை தேடுவதில்லை. அடுத்த பிளவில் ஓர் உடும்பு கிடந்தது. அதற்கடுத்த பிளவில் இன்னொன்று கிடந்தது. அவை உறங்கின, கட்டாரி உண்ணாவிரதம் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன. எல்லோரும் பட்டினி கிடக்கிற காலத்தில் தொடங்கிய பட்டினிப் போராட்டத்தை யார் கவனிப்பார்கள்?

கட்டாரி உரக்க நான்கு அநீதிகளையும் சொல்லத் தொடங்கியது. முடித்தபோது அதன் வாலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"முடிந்ததா, இன்னும் இருக்கிறதா?"

கட்டாரி திடுக்கிட்டது. "யார் அது?"

"இந்த வீட்டுக்காரி. நீங்கள் குடிவருவதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறேன், தலைவரே. தேரை."

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் யாரோ படியளக்கிறார்கள் என்று வயிறு நிறைந்தவர்கள் சொல்வதுண்டு. கட்டாரியும் அதைக் கேள்விப்பட்டிருந்தது. அது உண்மையா என்று விசாரித்தது.

"ஒருவரும் அளந்ததில்லை. பிளவு வழியாகப் பனி இறங்கும். அதை நக்குவேன். குளிருக்கு ஒதுங்கி எறும்பு வரும். அதைத் தின்பேன். மிச்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நீங்களும் அந்தக் கடைசி வித்தையைக் கொஞ்சம் பழகலாம்" என்றது தேரை.

கட்டாரிக்குக் கோபம் வந்தது. ஆனால் கேட்பதற்கு ஒரு காதாவது கிடைத்ததே என்று உள்ளூர மகிழ்ச்சி. அதன் பிறகு நாள்தோறும் நான்கு அநீதிகளையும் சொன்னது. தேரைக்கு அவை மனப்பாடமாகிவிட்டன. சில நாள் கட்டாரி ஆவேசத்தில் தாவிவிடும். உடனே பின்னாலிருந்து குரல் வரும். "மூன்றாவதை விட்டுவிட்டீர்கள், தலைவரே. முட்டைப் பழி. அதைச் சொல்லாமல் நான்காவதுக்குப் போனால் கீரி தப்பித்துவிடுமே."

கட்டாரி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

பனி கடுமையான ஒரு நாள் தேரை ஒரு வேண்டுகோள் வைத்தது. கட்டாரியின் வயிறு பிளவை முழுக்க அடைத்திருக்கிறது என்றும், பனி உள்ளே இறங்கவில்லை, எறும்பும் வரவில்லை என்றும் சொன்னது. விடியற்காலையில் கொஞ்ச நேரம் மட்டும் மூச்சை விட்டு உடம்பைத் தளர்த்தினால் போதும் என்றது.

கட்டாரி இந்தப் பேச்சை முன்பே எதிர்பார்த்திருந்தது. எந்தப் போராட்டத்திலும் இப்படி ஒரு குரல் உள்ளேயிருந்து வரும். கொஞ்சம் தளர்த்து என்று சொல்லும். தளர்த்திய மறு நொடி வெளியே இழுத்துப் போட்டுவிடுவார்கள்.

"யார் உன்னை அனுப்பியது? பீலியாரா? நீ ஒரு கருங்காலி" என்றது கட்டாரி.

தேரை சிரித்தது. "என் கால் கறுப்பா பழுப்பா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா?"

கட்டாரி இன்னும் கொஞ்சம் உப்பிக்கொண்டது.

பின்பனிக்காலம் வந்தது. பகலில் வெயில் சுட்டது. விடியலில் பனி கொட்டியது. பாறையின் வெளிப்புறம் காலையில் ஈரமாக மின்னும். அந்த ஈரம் வழிந்து பிளவின் வாய்க்கு வந்து, கட்டாரியின் முதுகில் பட்டு நின்றுவிடும். கட்டாரி அதை நாக்கால் தொடவில்லை. விரதம் அல்லவா? சூரியன் ஏறியதும் அது உலர்ந்து போகும். இப்படி ஒருவருக்கும் பயன்படாமல் தினமும் ஒரு வாய் நீர் வீணாயிற்று. தேரை மறுபடியும் ஒரு தடவை கேட்டது. இந்த முறை கேலி செய்யாமல் கேட்டது. கட்டாரி பதிலுக்கு இரண்டாவது அநீதியைச் சொன்னது. அதில்தான் அது அசையாமல் கிடந்த பெருமை இருந்தது. தேரை அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இளவேனில் வந்தது. கரட்டில் வேம்பு பூத்தது. அடுத்த பிளவுகளில் உறங்கிய உடும்புகள் சோம்பல் முறித்து வெளியே வந்தன. வெயில் காய்ந்தன. ஒன்றையொன்று துரத்தின. இளவேனில் முடிகிற நாளில் அவற்றில் ஒன்று கட்டாரியைப் பார்த்து, "இன்னுமா தூக்கம் தெளியவில்லை?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போயிற்று.

அன்று கட்டாரி ஒன்றைப் புரிந்துகொண்டது. யாரும் தன்னை எதிர்க்கவில்லை. யாரும் தன்னைத் தோற்கடிக்கத் திட்டம் போடவில்லை. தான் இருப்பதே யாருக்கும் நினைவில்லை. எதிரி இருந்தால் துணை போல இருக்கும். எதிரியும் இல்லாதவனின் தனிமையைப் போராட்டத்தில் நரைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மனதைத் தேற்றிக்கொள்ள அநீதிகளைச் சொல்லத் தொடங்கியது. முதலாவதைச் சொன்னது. இரண்டாவதைச் சொன்னது. எங்கோ நினைவு போய், மூன்றாவதை விட்டுவிட்டு நான்காவதைச் சொல்லி முடித்தது.

பின்னாலிருந்து குரல் வரவில்லை.

கட்டாரி காத்திருந்தது. பிறகு வேண்டுமென்றே வரிசையைக் கலைத்துச் சொல்லிப் பார்த்தது. நான்காவதை முதலில் சொன்னது. முதலாவதைக் கடைசியில் சொன்னது. குரல் வரவில்லை.

"நான் தப்பாகச் சொல்கிறேன். கவனித்தாயா?" என்று கேட்டது.

கல் பேசாமல் இருந்தது.

கட்டாரி திரும்பிப் பார்க்க முயன்றது. முடியவில்லை. உடம்பு பிளவில் இறுகியிருந்தது. பன்றிகளால் அசைக்க முடியாத உடம்பை இப்போது அதனாலேயே அசைக்க முடியவில்லை. திரும்ப வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. கூதிரின் முடிவில் இழுத்த மூச்சை வெளியே விட வேண்டும். விட்டால் விரதம் முறிந்தது. பிளவு திறந்தது. இத்தனை மாதம் கிடந்ததற்கு அர்த்தம் இல்லாமல் போகும். வெளியே ஆள்காட்டி உட்கார்ந்திருக்கிறது. பார்த்தால் காடு முழுக்கக் கத்திவிடும்.

கட்டாரி மூச்சை விட்டது.

எளிதாக இல்லை. முதலில் விலா எலும்புகள் வலித்தன. பிறகு உடம்பு சுருங்கிக்கொண்டே போயிற்று. தான் இவ்வளவு சிறியது என்று கட்டாரிக்கு இதுவரை தெரியாது. கோபத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அங்கே கோபத்துக்கு அடியில் பெரிய உண்மை ஏதோ இருக்கிறது என்று நம்பியிருந்தது. வெறும் இடம்தான் இருந்தது. அந்த வெறும் இடத்தில் நின்று கேட்டபோது, பக்கத்தில் மிக மெல்லிய ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அது எத்தனை நாளாக அங்கே இருந்ததோ. தன் சொந்த மூச்சின் இரைச்சலில் காதில் விழவில்லை.

கட்டாரி திரும்பிப் பார்த்தது. பிளவின் அடியில் காய்ந்த பூவரச இலை போல ஏதோ கிடந்தது. அதற்குக் கண் இருந்தது.

"மூன்றாவதை விட்டுவிட்டீர்கள்" என்றது தேரை. "சொல்லத்தான் நினைத்தேன். நாக்கு எழவில்லை."

கட்டாரிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாழ்நாள் முழுக்கப் பேசியும் அந்த நேரத்துக்கு வேண்டிய சொல் அதனிடம் இல்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டது. அந்தப் பிளவுக்குள் வந்ததிலிருந்து அது கேட்ட முதல் உண்மையான கேள்வி.

"அக்கா, உன் பெயர் என்ன?"

தேரை தன் பெயரைச் சொன்னது. குரல் அவ்வளவு தாழ்ந்திருந்ததால் கட்டாரி மறுபடியும் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அதற்குள் இளவேனில் முற்றி முதுவேனில் ஆகிவிட்டது. பனி நின்று பல நாளாயிற்று. இனிப் பிளவு திறந்தாலும் உள்ளே இறங்க ஈரம் இல்லை. கரட்டுக்குக் கீழே இருந்த குட்டையில் மட்டும் நடுவில் கொஞ்சம் சேறு மிச்சமிருந்தது. கட்டாரி பட்டப்பகலில் பிளவைவிட்டு வெளியே வந்தது.

"உடும்பு தோற்றது! உடும்பு தோற்றது!" என்று ஆள்காட்டி தலைக்கு மேல் பறந்து கத்தியது.

காடு விழித்துக்கொண்டது. உண்ணாவிரதம் இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் அது முறிந்ததைப் பார்க்க வந்தார்கள். பசி பொறுக்கவில்லையா என்று கீரி விசாரித்தது. இப்படித்தான் முடியும் என்று எனக்கு அப்போதே தெரியும் என்றது காடை. ஒரு பன்றி, கோரைக்கிழங்கு மிச்சம் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னது. அதுதான் எல்லாவற்றிலும் அதிகமாகச் சுட்டது.

கட்டாரி குட்டைக்குப் போய்ச் சேற்றில் புரண்டது. முதுகில் சேற்றோடு திரும்பி ஓடியது. முதுவேனில் காற்று அனலாக அடித்தது. கரடு ஏறுவதற்குள் முதுகுச் சேறு காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. பிளவுக்குள் நுழைந்து பார்த்தால் ஒரு விரல் ஈரம்கூட மிச்சமில்லை. மறுபடியும் போயிற்று. இந்த முறை வாய் நிறையச் சேற்றை அள்ளிக்கொண்டது. வாய்க்குள் காற்றுப் புகாது. அந்தச் சேறு ஈரமாகவே வந்து சேர்ந்தது. தேரைக்குப் பக்கத்தில் அதை வைத்தது. தேரை மெதுவாக நகர்ந்து அதன்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்தது. தேரைகள் வாயால் குடிப்பதைவிடத் தோலால் குடிப்பதே அதிகம். கட்டாரிக்கு அதுகூட அன்றுதான் தெரிந்தது.

அன்று முதல் தினமும் அதே வேலை. வாயில் சேறு இருந்ததால் வழியில் யார் கேலி செய்தாலும் பதில் சொல்ல முடியவில்லை. கீரி கூடவே நடந்து வந்து, "என்ன தலைவரே, வாயில் என்ன, அறிக்கையா?" என்று கேட்கும். சேற்றைத் துப்பினால் நறுக்கென்று ஒரு பதில் சொல்லலாம். துப்பினால் சேறு போய்விடும். கட்டாரி நடந்துகொண்டே இருக்கும்.

"தோற்றுவிட்டதாகச் சொல்கிறார்களாமே" என்று தேரை ஒரு நாள் கேட்டது.

"சொல்லட்டும்."

"வலிக்கவில்லையா?"

"வலிக்கிறது" என்றது கட்டாரி. "ஆனால் உப்பவில்லை."

தேரை சிரிக்க முயன்றது. இப்போதெல்லாம் கட்டாரி இரை தின்றது. நடக்கத் தெம்பு வேண்டுமே. விரதத்தைப் பற்றி நினைக்கவில்லை. நான்கு அநீதிகளையும் மறக்கவும் இல்லை. அவை நடந்தவைதான், இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. ஆனால் இப்போது அவை கட்டாரியின் வயிற்றுக்குள் இல்லை. வெளியே, கரட்டில், மற்றக் கற்களோடு கற்களாகக் கிடந்தன. வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம். சுமக்க வேண்டியதில்லை.

ஆடிக்காற்று தொடங்கியது. குட்டையின் சேறு நடுவிலும் வெடித்தது. கட்டாரி நகத்தால் ஆழமாகத் தோண்டி, அடியிலிருந்த கொஞ்சம் களிமண்ணை எடுத்தது. ஒரு வாய் சேற்றுக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. ஒரு நாள் வைத்த சேறு மறுநாள் போய்ப் பார்த்தபோது ஈரம் குறையாமல் அப்படியே இருந்தது. அதை யாரும் குடிக்கவில்லை. தேரை சற்றுத் தள்ளி, சுவரோரமாக, முகத்தைப் பிளவின் வாய்ப்பக்கம் திருப்பிக் கிடந்தது. மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. கட்டாரி நெடுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டது. காற்றின் சத்தம்தான் கேட்டது.

தன் வயிறு அடைத்திருந்த பனியெல்லாம் இறங்கியிருந்தால் இந்தத் தேரை இன்னொரு மழையைப் பார்த்திருக்கும். கட்டாரி அதைத் தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டது. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வரிசையில் சேர்க்கவும் இல்லை. தேரையின்மேல் மண்ணைத் தள்ளி மூடியது.

அங்கே முந்தைய நாட்களில் கொண்டுவந்து வைத்த சேற்றில் ஒரு கட்டி காய்ந்து கிடந்தது. அதன்மேல் தேரையின் பின்னங்கால் அழுந்தப் பதிந்திருந்தது. விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. கட்டாரி அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிளவில் அது தனியாகத் தங்கியது. மழை வருகிறவரை அங்கேயே இருந்தது. வெளியே பார்க்கவில்லை; உப்பவும் இல்லை.

ஒரு மாலை கிழக்கே இருண்டது. இடி இடித்தது. கார்காலத்தின் முதல் மழை கரட்டின்மேல் விழுந்தது. பிளவு வழியாக நீர் கலகலவென்று உள்ளே இறங்கியது. கட்டாரி சட்டென்று அந்தக் காய்ந்த கட்டியை வாயில் எடுத்துக்கொண்டது. நனைந்தால் கரைந்துவிடும். வாயை இறுக மூடிக்கொண்டு புற்றை நோக்கி நடந்தது.

புற்றில் ஈசல் கிளம்பத் தொடங்கியிருந்தது. எல்லோரும் வந்திருந்தார்கள். ஈர மண்ணில் காலடி பதித்துவிட்டு வட்டமாக நின்றார்கள். கட்டாரியும் ஒரு காலடி பதித்தது. முதுவேனில் முழுக்க அது குட்டைக்கும் கரட்டுக்கும் நடந்ததைக் காடே பார்த்திருந்தது. அதனால் இந்த முறை யாருக்கும் அதை மறக்க வழியில்லை. பீலியார் பாறையிலிருந்து காலடிகளைப் படித்துக்கொண்டே வந்தார். முயல் "இருக்கிறேன்" என்றது. காடை "இருக்கிறேன்" என்றது. பீலியார் அடுத்த காலடியைப் பார்த்துவிட்டு, கழுத்தை நிமிர்த்தி, வழக்கத்தைவிடச் சத்தமாக வாயெடுத்தார்.

"அடுத்து, நம் மதிப்புக்குரிய..."

கட்டாரி முன்னே வந்தது. நுனி போன வாலை மண்ணில் ஓர் இழு இழுத்தது. அதன் காலடி அழிந்துபோயிற்று.

கூட்டம் திகைத்தது. கட்டாரி வாயிலிருந்த கட்டியை, அழித்த காலடி இருந்த இடத்தில் மெதுவாக வைத்தது. அதன்மேல் மழை படாதபடி தன் உடம்பைக் குடை போல வளைத்து நின்றது.

"இதைப் படியுங்கள், ஐயா."

பீலியார் இறங்கிவந்து குனிந்து பார்த்தார். இது யாருடைய காலடி என்று கேட்டார். தேரையின் காலடி என்று கட்டாரி சொன்னது. கரட்டில் தேரை ஏது என்று ஆள்காட்டி ஆச்சரியப்பட்டது. எல்லாவற்றையும் பார்த்துக் கத்துகிற அது, கல்லுக்குள் ஓர் உயிர் இருந்ததை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தக் கல்லுக்குள் ஒருத்தி இருந்தாள், இப்போது இல்லை, அவள் காலடி ஒரு தடவைகூட இங்கே படிக்கப்பட்டதில்லை என்றது கட்டாரி.

"இறந்தவர் பெயரை எப்படிப் படிப்பது? 'இருக்கிறேன்' என்று யார் சொல்வது?" என்றார் பீலியார்.

"யாரும் சொல்லமாட்டார்கள்."

"அவள் பங்கை யார் தின்பது?"

"யாரும் வேண்டாம்."

"பிறகு படித்து என்ன பயன், கட்டாரி? யார் கேட்பதற்கு?"

"நீங்கள் எல்லோரும் கேட்பதற்கு" என்றது கட்டாரி.

மழை வலுத்தது. கட்டாரியின் விலா வழியாக வழிந்த நீர் கட்டியின் ஓரத்தைத் தொட்டது. ஒரு விரல் கரைந்தது. ஓர் உயிருக்கு ஒரு காலடிதான், உன்னுடையதை அழித்து அந்த இடத்தை இவளுக்குக் கொடுத்துவிட்டாய், உன் பெயரைப் படிக்க இந்த ஆண்டு இடமிருக்காது, யோசித்துக்கொள் என்று பீலியார் தணிந்த குரலில் சொன்னார். அதை யோசித்துத்தான் வந்தேன் என்றது கட்டாரி. பிறகு தேரையின் பெயரை அவர் காதில் சொன்னது.

பீலியார் மறுபடியும் பாறைமேல் ஏறினார். பன்றிகள் உறுமுவதை நிறுத்தின. ஈசல் எல்லோர் முகத்திலும் மோதிப் பறந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பீலியார் அந்தக் காலடியைக் கடைசி விரல் கரைவதற்குள் படித்தார்.

"தூவானம்."

தன் பெயர் ஒலிக்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் காதில், பக்கத்திலேயே அடங்கிக்கொண்டிருக்கும் இன்னொருவர் மூச்சு விழுவதில்லை.